பச்சைப் பெட்டியா, நீலப் பெட்டியா

துப்பாக்கித் தோட்டாவுக்கு அடியில் வைக்கிற பொட்டில் ரெண்டு வகை உண்டு என்று எனக்கு முதன்முதலில் சொன்னது என் மகன் எபனேசர். நான் அமெரிக்காவில் போய் இறங்கின இருபத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நாள் எப்படி ஞாபகம் என்று கேட்காதீங்க. அதற்கு முந்தின இருபத்தொரு நாளும் அவன் என்கிட்டே பேசினதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா, நான் வர லேட்டாகும். அவ்வளவுதான்.

உட்காருங்கம்மா, பையை நகர்த்திக்கிடுதேன். பேரு பெனிலா என்றா சொன்னீங்க? நாகர்கோவிலா! என் மகள் சுகிர்தாவைக் கட்டிக் கொடுத்திருப்பதும் நாகர்கோவில்தான். அவ வீட்டுக்குத்தான் போறேன். நமக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. இங்கே விமானம் மாறணும், திருவனந்தபுரம் விமானத்துக்கு இன்னும் நேரம் கிடக்கு என்று இந்தச் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு, பயந்துராதீங்க. சக்கர நாற்காலி காலுக்கு இல்லை, பாஷைக்கு. எபிதான் போட்டுக் கொடுத்தான். "நீ உக்காந்தா போதும்மா, அவங்களே தள்ளிக் கொண்டுபோய் ஏத்தி விட்டுருவாங்க" என்றான். இந்த வரிசையைப் பாருங்க. பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற அம்மாமார்தான் அத்தனை பேரும். ஒருத்திக்காவது கால் வலிக்கிற மாதிரித் தெரியுதா?

எதில் விட்டேன்? ஆங், பொட்டு.

எபி இருக்கிறது ஐடஹோவில் பாய்சி என்கிற ஊர். கம்ப்யூட்டர் சில்லு செய்கிற கம்பெனியில் வேலை. மருமகள் ஷைனிக்கு நியூ ஜெர்சியில் வேலை. அவ கம்பெனியில் மாற்றிவிட்டார்கள். இந்தக் காலத்தில் அப்படித்தானே, இவன் இங்கே, அவ அங்கே. லீவு கிடைத்தால் வந்துருவா. ரெண்டு வருஷமா லீவு கிடைக்கவில்லை, பாவம். சேலையெல்லாம் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள், அங்கே கோயிலுக்குக் கட்டணும் இல்லையா? கூடத்துச் சுவரில் கல்யாணப் போட்டோ மாட்டின ஆணி மட்டும் இருந்தது. "போட்டோ எங்கல?" என்று கேட்டேன். "பிரேம் மாத்தக் குடுத்திருக்கேம்மா" என்றான். அந்த ஊரில் பிரேம் போட நாளாகுமாம்.

என்னை உள்ளறையில் படுக்க வைத்துவிட்டு அவன் சோபாவில் படுப்பான். கேட்டால் முதுகுக்கு அதுதான் சுகம் என்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையை போனில் பார்த்து முடித்துவிட்டு, இவனைக் காணோமே என்று தேடிப் போனேன். கார் நிறுத்துகிற அறையில் ஒரு மேசை போட்டு, மேலே விளக்கைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். மேசையில் ஒரு பலகை, பலகை நிறையக் குழி, குழிக்கு ஒன்றாகப் பித்தளைக் கூடு. நான் பயந்துபோனேன். "ஏல, இது தோட்டால்லா?"

"ஆமாம்மா."

"யாரைச் சுடப் போறே?"

"காகிதத்தைம்மா."

சிரிக்காமல்தான் சொன்னான். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டான். அது போதுமே எனக்கு.

அது ஒரு விளையாட்டு. மேசையில் மணல் மூட்டை வைத்து, அதன் மேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து, உட்கார்ந்து சுடணும். தூரத்தில் ஒரு காகிதம். அஞ்சு குண்டு. அஞ்சும் ஒரே ஓட்டைக்குள் போகணும். எந்த ஜீவனையும் சுடுவதில்லை, ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டேன். சுட்ட பிறகு பித்தளைக் கூடு மிஞ்சும். அதைக் கழுவி, அடியில் புதுப் பொட்டு வைத்து, மருந்து போட்டு, தலையில் குண்டைச் சொருகித் திரும்பவும் சுடுவார்கள். கடைத் தோட்டாவைவிடக் கையால் செய்த தோட்டா குறி தப்பாதாம். அந்தப் பொட்டைப் பிரைமர் என்கிறார்கள். துவரம்பருப்பு அளவுதான் இருக்கும், குட்டிக் கிண்ணம் மாதிரி. துப்பாக்கி ஊசி அதைத் தட்டினால் அது பொறியும், பொறி பட்டு மருந்து பிடிக்கும். தீபாவளிக்குப் பிள்ளைகள் விளையாட்டுத் துப்பாக்கியில் வைக்குமே பொட்டு வெடி, அதேதான். அதனால் நான் பொட்டு என்றே சொன்னேன். கொஞ்ச நாளில் அவனும் பொட்டு என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

ரெண்டு வகை என்றேன் இல்லையா? ஒன்று சாதாரணம். இன்னொன்று பெஞ்ச்ரெஸ்ட். இப்படி மேசையில் சாய்த்துச் சுடுகிறவர்களுக்காகவே செய்தது. "ரெண்டுக்கும் என்னல வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"மருந்து ஒண்ணுதாம்மா. கிண்ணமும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா இதை நல்ல கை உள்ள ஆளுங்களா பாத்து உக்கார வச்சுச் செய்வாங்களாம். ஒவ்வொண்ணுலயும் மருந்து அச்சு அசலா ஒரே அளவா இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெனிலா, நான் எட்டாவதோடு நின்றவள். கல்யாணம் ஆகிற வரைக்கும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தேன். ஆபீஸ் என்றால் ஆபீஸ் இல்லை, எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம். சட்டத்தில் குச்சி அடுக்கிக் கொடுப்போம், மருந்தில் முக்குவார்கள். வெளிநாட்டு ஆர்டர் வந்தால் கணக்குப்பிள்ளை எங்கள் நாலு பேரைத்தான் தனியாக உட்கார வைப்பார். "கிரேசம்மா கைக்குக் குடுங்க" என்பார். குச்சி அதே குச்சி, மருந்து அதே மருந்து, கைதான் வேற. அதைச் சொன்னேன் எபிகிட்டே. அவன் கையில் இருந்ததை வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

"இதெல்லாம் நீ சொன்னதே இல்லையேம்மா."

"நீ கேட்டதே இல்லையேல."

அன்றையிலிருந்து தினமும் சாயங்காலம் அவன் வருகிற கார் சத்தம் கேட்டால் டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு நேரே அந்த அறைக்குப் போய்விடுவேன். கூடுகளை விளக்கில் தூக்கிப் பார்த்துக் கீறல் விட்டதைக் கழிப்பது என் வேலை. அப்புறம் பொட்டைத் திருப்புகிற வேலையும் வந்தது. வட்டமாக ஒரு தட்டு, அதில் வரி வரியாகக் கோடு. எண்ணி எடுத்த பொட்டை அதில் போட்டு மெதுவாக அசைத்தால் எல்லாம் ஒரே பக்கமாகக் கவிழும். அவனுக்கு அஞ்சாறு எப்பவும் மல்லாந்து கிடக்கும். நான் சுளகில் அரிசி புடைக்கிற மாதிரி லேசா ஒரு தட்டு தட்டினேன், அத்தனையும் திரும்பிவிட்டது. "ம்மா! என்னையவிட உனக்கு நல்லா வருதே!" என்றான். நான் அன்றைக்கு ராச்சாப்பாடு சாப்பிடவில்லை, பசியே இல்லை.

அவன் அப்போது ஒரு விதி சொன்னான். பொட்டை எப்படி வைக்கணும், எப்படி வைக்கக் கூடாது என்று. நீளமாகச் சொன்னான், நானும் தலையை ஆட்டினேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவன் தாடையை. சவரம் பண்ணாத தாடியில் இடது பக்கம் முழுக்க நரை. முப்பத்தெட்டு வயசுதான். இவங்க அப்பாவுக்கு அறுபதிலும் கறுப்பாகத்தான் இருந்தது. இது யார் பக்கத்து நரை என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் அவன் சொல்லி முடித்துவிட்டான்.

ஷைனி பேச்சை எடுத்தால்தான் ஒரு மாதிரி. "மக்கா, கொண்டுவந்த மிளகாய்த்தூள் பாதியை ஷைனிக்கு அனுப்புவமா?" என்று கேட்டால், "ம்மா, பெஞ்ச்ரெஸ்ட் பொட்டு இப்ப எந்தக் கடையிலயும் இல்லம்மா, இருக்கிறதை எண்ணித்தான் எடுக்கணும்" என்பான். "அவளுக்கு ஒரு போன் போடேன், நான் பேசுதேன்" என்றால், "சாதாரணப் பொட்டுலயே அந்த அளவு வருதான்னு சனிக்கிழமை பாக்கப் போறேன்" என்பான். நல்ல விஷயம் பேசும்போதெல்லாம் பொட்டுக்குத் தாவிவிடுவான். பைத்தியம் அதன் மேல்.

விஷயம் என்னவென்றால், ஆகஸ்ட் மாசம் ஒரு போட்டி. அதற்கு எந்தப் பொட்டு வைப்பது என்று அவனுக்கு முடிவாகவில்லை. மூணு சனிக்கிழமை பரீட்சை பார்த்தான். முதல் வாரம் சாதாரணத்தில் அஞ்சு குண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தது. அடுத்த வாரம் பெஞ்ச்ரெஸ்ட் ஒரு மயிரிழை முந்தியது. மூணாம் வாரம் காற்றடித்துக் கெடுத்துவிட்டது. காகிதத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்து ஓட்டையை அளப்பான், நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். "இன்னும் தெரியலம்மா" என்பான். நான் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வேன். முடிவாகிவிட்டால் அப்புறம் அவனுக்கு என்கிட்டே பேச என்ன இருக்கு, சொல்லுங்க.

டக் என்கிற பேரில் ஒரு வெள்ளைக்காரர் வருவார். எபியோட சேர்ந்து சுடுகிறவர், பெரிய தாடி, என்னை "மாம்" என்பார். முறுக்கு என்றால் உயிர். எபி இங்கிலீஷில் பொட்டைப் பற்றி வாதாடுவான், அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே பதில் சொல்வார். ஒரு நாள் எபி விழுந்து விழுந்து சிரித்தான். நான் அந்த நாட்டுக்குப் போய் அவன் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். "என்னல சொல்லுதாரு?" என்றேன்.

"எல்லாப் பொட்டும் ஒண்ணுதான், நீ சும்மா குழப்பிக்கிறேங்கிறாரும்மா."

டக் இன்னும் ஏதோ சொன்னார். எபி அதற்குச் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு விடாமல் கேட்டேன். "பெஞ்ச்ரெஸ்ட் பொட்டே தூக்கம் வராத ஆளுங்களுக்காகத்தான் விக்கிறாங்களாம்" என்றான். சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டான். அன்றையிலிருந்து அவனுக்குப் பாலில் ஜாதிக்காய் உரசிக் கொடுத்தேன்.

போட்டிக்கு முந்தின வாரம், புதன்கிழமை. ரெண்டு வகையிலும் தோட்டா செய்து முடித்துவிட்டான். சாதாரணப் பொட்டு வைத்ததெல்லாம் பச்சைப் பெட்டியில். பெஞ்ச்ரெஸ்ட் வைத்ததெல்லாம் நீலப் பெட்டியில். ரெண்டையும் என் முன்னால் வைத்து, "ம்மா, எனக்கு முடியல. நீயே சொல்லு, எதை எடுத்துட்டுப் போக?" என்றான்.

என் பிள்ளை என்கிட்டே ஒரு காரியம் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது! படிப்புக்குக் கேட்கவில்லை, வேலைக்குக் கேட்கவில்லை. ஷைனியைக்கூட அவனே பார்த்துவிட்டுத்தான் சொன்னான். நான் உடனே சொல்லிவிடுவேனா? "ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன் மக்கா, ரெண்டு நாள் குடு" என்றேன். "பொட்டுக்காம்மா ஜெபம்?" என்று சிரித்தான். "ஏன், ஆண்டவருக்குத் தெரியாத பொட்டா?" என்றேன். உண்மையைச் சொல்லணுமே, முழங்கால் போட்டுக் கேட்டுத்தான் பார்த்தேன். ஒன்றும் உணர்த்தவில்லை.

மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு, பிள்ளை போட்டிக்குப் போகிறான், அந்த அறையைச் சுத்தம் பண்ணிக் கொடுப்போம் என்று தோன்றிற்று. பெருக்கினேன், மேசையைத் துடைத்தேன். ரெண்டு வகைப் பொட்டிலும் அது கடையிலிருந்து அடுக்கி வருகிற அட்டையில் பாதி பாதி மிஞ்சிக் கிடந்தது. அட்டை ஓரம் கிழிந்து அசிங்கமாக இருந்தது. எங்க ஆபீஸில் ஆர்டர் முடிந்து மிஞ்சின குச்சியை, நல்லது, ரெண்டாந்தரம் எல்லாவற்றையும் ஒரே டின்னில் கொட்டி வைப்போம், வீட்டு உபயோகத்துக்கு. அதே கைதானே இது. காலியான காபித்தூள் பாட்டிலைக் கழுவித் துடைத்து, ரெண்டு அட்டையில் இருந்ததையும் ஒன்றாகக் கொட்டி மூடினேன். காகிதத்தில் "பொட்டு" என்று எழுதி ஒட்டினேன். துணி உலர்த்துகிற மெஷின் அந்த அறையில்தான் இருக்கு, அதன் மேல் வைத்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில் கிலுகிலு என்று ஆடிற்று. கேட்க நல்லா இருந்தது, பிள்ளை காலில் கொலுசு போட்ட மாதிரி.

அவன் வந்தான். டீயை நீட்டினேன். வாங்கவில்லை. அந்தப் பாட்டிலையே பார்த்தான்.

"ம்மா." குரலே இல்லை, காற்றுதான் வந்தது. "உன் கையில, மடியில வேற ஏதும் வச்சிருக்கியா?"

"இல்லையே மக்கா."

"டீயைக் கீழ வைக்காதே. அப்படியே மெதுவா நடந்து வெளிய போ. ரோட்டுக்குப் போ."

"ஏல, செருப்பு..."

"ம்மா, போம்மா."

மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடி மாட்டினான், காதை மூடினான், கதவை உள்ளே இருந்து இறக்கிவிட்டான். நான் டீக் கோப்பையோடு வெறுங்காலில் ரோட்டோரம் நின்றேன். வெயில் இன்னும் இறங்கவில்லை, தார் சுட்டது. பொட்டைக் கலந்துவிட்டோமே, எது எந்த வகை என்று இனிமேல் எப்படிப் பிரிப்பான், கடையில் வேறு கிடைக்காதே என்று எனக்குப் பதறிற்று. கண்ணை மூடி, "ஆண்டவரே, அவன் என்னைக் கோவிக்கக் கூடாது" என்று ஜெபம் பண்ணினேன். அதையே திரும்பத் திரும்பப் பண்ணினேன். டக் வண்டியில் வந்து இறங்கி உள்ளே போனார். ரெண்டு பேருமாக எதையோ ஆடாமல் அசையாமல் தாங்கிப் பிடித்து வெளியே எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவர் முறுக்குக் கேட்கவில்லை.

எபிகிட்டே கேட்டுத் தெரிந்துகொண்டு சுகிர்தா போனில் சொன்னபிறகுதான் எனக்கே விளங்கிற்று. "ம்மா, ஒரு பொட்டுன்னா ஒண்ணும் இல்ல. அத்தனையும் ஒரே கண்ணாடி பாட்டில்ல அடைச்சு ஆட்டுனா ஒண்ணு பொறிஞ்சு எல்லாமே சேந்து வெடிக்கும். கையே போயிருக்கும்மா" என்றாள். அவன் அதைத்தான் அன்றைக்கு விதியாகச் சொல்லியிருக்கான், வாங்கின அட்டையிலேயே இருக்கணும், மொத்தமாகக் கொட்டக் கூடாது என்று. நான் நரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அந்தப் பாட்டிலோடு உள்ளே நிற்கிறான், நான் வெளியே அவன் கோவிக்கக் கூடாது என்று ஜெபம் பண்ணுகிறேன். எவ்வளவு தப்பான ஜெபம் பாருங்க.

டக் போன பிறகு எபி ரோட்டுக்கு வந்தான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. "கையைக் காட்டும்மா" என்றான். கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தான். பத்தையும். அப்புறம் முதலில் இருந்து திரும்பவும். விமானத்தில் வந்து இறங்கின அன்றைக்குத் தோளில் லேசாகக் கை போட்டதுதான், அதற்கப்புறம் அவன் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான். நான், "பொட்டைக் கெடுத்துட்டேனா மக்கா?" என்று கேட்டேன். அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவ்வளவு கோபம்.

அன்றைக்கே அந்த அறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டுவிட்டான். மறுநாள் டிக்கெட் மாற்றினான். அக்டோபர் வரைக்கும் இருந்தது எனக்கு. "நீ அக்கா வீட்டுல இரும்மா. இங்க நாள் பூரா உன்னைத் தனியா விட்டுட்டுப் போறேன், அது சரியில்ல" என்றான். நான் எங்கே தனியாக இருந்தேன்? சாயங்காலம் ஆனால் வந்துவிடுவான் என்று இருந்தேனே. "இனிமே எதையும் தொட மாட்டேம்ல" என்றுகூடச் சொன்னேன். "உன் மேல கோவம் இல்லம்மா" என்றான். கோபம் இல்லை என்று எப்போது சொல்வார்கள், உங்களுக்குத் தெரியாதா?

கிளம்புவதற்குள்ளே மிளகாய்த்தூளைப் பாதி பிரித்து ஷைனி பேர் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கேன். பிரேம் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு என்றும் சொல்லியிருக்கேன்.

நேற்று பாய்சி விமான நிலையத்தில் என்னை நாற்காலியில் உட்கார வைத்தான். குனிந்து என் செருப்பு வாரைச் சரி பண்ணினான். நான் சொல்லியிருக்கலாம். பச்சை என்றாவது, நீலம் என்றாவது. ரெண்டு நாள் தவணை கேட்டுவிட்டுப் பதிலே சொல்லாமல் வந்துவிட்டேன். அவனும் திருப்பிக் கேட்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பிப் பார்த்தேன், இந்த நாற்காலியின் முதுகு உயரம், ஒன்றும் தெரியவில்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை. அங்கே இப்போதுதான் காலை. போட்டி ஆரம்பித்திருக்கும். மணல் மூட்டையில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இந்தாங்க, இது அவன் வாங்கிக் கொடுத்த போன். எனக்கு இதில் எழுத வராது. பேசி அனுப்பினால் அவன் கேட்பதில்லை, ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் போட்டு வைப்பான். சாப்பிட்டியா என்று யாரையாவது எழுதச் சொல்லி அனுப்பினாலும் அந்தக் கட்டைவிரல்தான். இதைக் கேட்டால் எழுதுவான். நல்லா வந்து சேர்ந்தேன் என்றெல்லாம் வேண்டாம், உங்க பேரும் வேண்டாம். எடுத்தது பச்சைப் பெட்டியா, நீலப் பெட்டியா என்று அம்மா கேக்குதேன் என்று மட்டும் ஒரு வரி போட்டு அனுப்புங்கம்மா.